தோற்றவர் சொல்லும் பெயர்

பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன்.

தோளில் ஏத்தங்குலை. நேந்திர வாழைக்கு எங்கள் பக்கத்தில் ஏத்தன் என்றுதான் பெயர். நல்ல முற்றிய குலை. காம்பிலிருந்து வடிந்த கறை பனியன் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை சேறு. முன்னால் இரண்டு பேர் செண்டை அடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் என் ஊர்க்காரர்கள் முப்பது பேர் என் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு வந்தார்கள்.

இந்த நடைக்காக நான் இருபது வருடம் காத்திருந்தவன்.

பக்கத்தில் நடந்துவந்த சாஜனும் நின்றான். அவன் என் மனைவி ஷீபாவின் அண்ணன், எங்கள் பேச்சில் அளியன். அன்று தோற்ற அணிக்கு அவன்தான் கேப்டன்.

"என்ன அளியா, கனக்குதா?"

"இல்ல."

"பின்ன நட."

கீழே கால்வாயில் தண்ணீர் குறைவு. பாசிக்கு நடுவில் யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சாஜன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் குலையைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன்.

எதைச் சொல்ல வந்தேன், ஏன் விழுங்கினேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இரண்டு ஊர்ச் சிரிப்பு

போன வாரம் மெழுகில் பல் செதுக்குவதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ஐயா, நீங்கள் பல் டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வைத்துப் பல் செட்டும் பல்மேல் மாட்டுகிற கேப்பும் செய்துகொடுக்கிற லேப்காரன் நான். நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. என் பெயர் எந்தச் சீட்டிலும் வராது. நன்றாக அமைந்தால் டாக்டர் கெட்டிக்காரர். கடித்தால் லேப்காரன் மோசம்.

ஊர் பிலாவிளை. வெள்ளறடைக்குப் போகிற பஸ் ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைவதற்கு முன்னால் இறங்கி, கால்வாய்க்கரையோடு நடந்தால் வந்துவிடும். கால்வாய்க்கு அந்தப்பக்கம் கொன்னக்கரை. நடுவில் ஒரு பாலம். இரண்டு ஊரிலும் பாதி வீடு கோயிலுக்குப் போகும், பாதி வீடு சபைக்குப் போகும். ஓணத்துக்கு மறுநாள் மட்டும் எல்லாரும் பழைய மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவார்கள். பிலாவிளைக்கும் கொன்னக்கரைக்கும் செவன்ஸ் கால்பந்து. பக்கத்துக்கு ஏழு பேர், அரைமணி நேரமாக இரண்டு பாதி.

மைக்கில் அறிவிப்பு மலையாளத்தில் இருக்கும். சண்டை தமிழில் நடக்கும்.

இந்தப் பந்துகளியால் என் தொழிலும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. முழங்கை பட்டுப் பல் போனவர்கள் இரண்டு கரையிலும் உண்டு. டாக்டர் யாராக இருந்தாலும் அச்சு எங்கள் லேப்புக்குத்தான் வரும். சாஜனின் முன்பல் இரண்டில் ஒன்று நான் செய்தது. அந்த இடத்தில் முன்பு இருந்த பல்லை உடைத்ததும் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் வீட்டுக்குப் போனபோதுதான் ஷீபாவைப் பார்த்தேன். அது இன்னொரு வாரத்துக்கான கதை, இங்கே நுழைந்தால் வெளியே வரமாட்டேன்.

அடி வாங்கினவனுக்குத் தெரியும்

ஜெயித்த ஊருக்குக் கோப்பை. அது பித்தளைக் கோப்பை, வருடம் முழுக்க ஒரு அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும், அதற்காக யாரும் உயிரை விடுவதில்லை. உயிரை விடுவது குலைக்குத்தான்.

சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு ஏத்தங்குலை. திருப்புறம் பக்கத்தில் வாழை போட்டிருக்கிற ஒரு குடும்பம் வருடாவருடம் கொண்டுவந்து கொடுக்கும். ஆட்டம் முடியும்வரை மேடைக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். ஆடுகிறவன் கண் பந்தைப் பார்ப்பது பாதி நேரம், குலையைப் பார்ப்பது பாதி நேரம்.

முன்பெல்லாம் விருந்தாளியாக வருகிறவர்தான் சிறந்த ஆட்டக்காரனைச் சொல்வார். ஒருவருடம் வந்தவர் சொந்த அக்கா மகனுக்கே கொடுத்துவிட்டார். அவன் அன்று களத்தில் இறங்கியதே கடைசிப் பத்து நிமிடம்தான். மேடை சரிந்தது, மைக் கால்வாயில் விழுந்தது, இரண்டு வருடம் ஆட்டமே நடக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து பேசினார்கள். யார் சொன்னால் இரண்டு ஊரும் ஒத்துக்கொள்ளும் என்று பார்த்தபோது யாரோ சொன்னார்களாம், "அடி வாங்கினவனுக்கு தெரியாதா, யாரு அடிச்சான்னு?" அன்றிலிருந்து வழக்கம் இதுதான். தோற்ற அணி ஏழு பேரும் மைதானத்து மூலையிலுள்ள அயனிமரத்தடியில் தனியாகப் போய் உட்காருவார்கள். ஜெயித்த அணியில் ஒருவனை ஏழு பேரும் ஒரே மனதாகச் சொல்லவேண்டும். கேப்டன் மைக்கில் பெயரையும் காரணத்தையும் சொல்வான். காரணம் ஒரே ஒரு வரி. குலையைத் தூக்கி அவன் தோளில் வைப்பதும் தோற்ற கேப்டன்தான்.

அதோடு முடியாது. குலை வாங்கினவன் அதைச் சுமந்துகொண்டு பாலத்தைத் தாண்டி, தோற்ற ஊரின் கடைசி வீடுவரை நடந்துபோய்த் திரும்பவேண்டும். தோற்ற கேப்டன் கூடவே நடப்பான். வீட்டு வாசல்களில் நின்று நல்லவிதமாகவும் சொல்வார்கள், நக்கலாகவும் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போகவேண்டும். பதில் சொல்லக்கூடாது.

ஆட்டம் சமமாக முடிந்தால் பெனால்டி அடித்துத் தீர்ப்போம். யாராவது தோற்றே ஆகவேண்டும். தோற்றவன் இல்லாவிட்டால் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

பேக்குக்கு யார் தருவார்

நான் பேக். பந்து நம் கோலுக்கு வராமல் தடுக்கிறவன். பத்தொன்பது வயதில் பின்னால் நிறுத்தினார்கள், முப்பத்தொன்பதிலும் அங்கேதான் நின்றேன். இந்த இருபது வருடத்தில் பிலாவிளை ஒன்பதுமுறையோ பத்துமுறையோ ஜெயித்தது. குலை ஒவ்வொருமுறையும் கோல் போட்டவனுக்குப் போனது, இல்லாவிட்டால் கோல் காக்கிற கோலிக்குப் போனது. பேக்குக்கு வந்ததே இல்லை.

நியாயம்தான் என்று எனக்கே தெரியும். கோல் விழுந்தால் ஊரே பார்க்கிறது. கோல் விழாமல் போனதை யார் பார்ப்பார்கள்? என் தொழிலும் அதே மாதிரிதான் வாய்த்திருக்கிறது. பல் செட் சரியாக இருந்தால் அது வாயில் இருப்பதே தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஆசை குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. காரணம் என் மாமனார். அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய கொன்னக்கரை ஃபார்வர்டு. முதல் ஓணத்துக்கு விருந்துக்குப் போனபோதே இலையில் உப்பேரியை, அதாவது ஏத்தங்காய் வறுவலை, வைத்துக்கொண்டு கேட்டார்.

"மக்கா எடம் எது?"

"பேக் ஆக்கும் மாமா."

"ஓ. நிக்க வேண்டியதுதான் இல்லியா? ஓட வேண்டாம்."

பதினான்கு வருடம் இதையேதான் சொன்னார். உப்பேரி தீர்ந்துபோகும், இந்தப் பேச்சு தீராது. ஷீபா சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் குலையைத் தூக்கிக்கொண்டு இவர் வாசல் வழியாக ஒரே ஒருமுறை நடந்துவிடவேண்டும் என்று உள்ளுக்குள் ஒன்று குமைந்துகொண்டே இருந்தது. நாற்பதை நெருங்குகிற ஆளுக்கு ஒரு வாழைக்குலை மீது இப்படி ஒரு வெறியா என்று நீங்கள் கேட்கலாம். ஆசை வெட்கம் அறியாது.

அந்த வருடம் வலது முழங்காலில் தண்ணீர் கோத்திருந்தது. டாக்டர் இனி வேண்டாம் என்றார். இதுதான் கடைசி என்று ஷீபாவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

ஒரு நொடி வேலை

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மைதானம் கால்வாய்ப்பக்கம் சரிவு. கீழ்ப்பக்கம் ஆடுகிறவனுக்குப் பந்து தானாக உருண்டு வரும். இரண்டாம் பாதியில் சரிவின் கீழே நான்.

சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அன்று என் வாழ்நாளில் ஆடாத ஆட்டம் ஆடினேன். கொன்னக்கரையில் வேகமான ஆள் ஒருவன் இருந்தான், ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். அவனை ஒருமுறைகூடத் திரும்பவிடவில்லை. அவன் எங்கே போவான் என்று அவனுக்குமுன் என் காலுக்குத் தெரிந்தது. முழங்கால் வலி மறந்தே போனது. முதல் பாதியிலேயே எங்களுக்கு ஒரு கோல் கிடைத்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதுதான் பாக்கி.

முடிய மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர். எங்கள் கோலுக்கு முன்னால் பத்துப் பேர் ஒரே சேற்றில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து யார் தலையிலோ பட்டுக் கீழே விழுந்தது. எங்கள் கோலி வினு வழுக்கி விழுந்து கிடந்தான். சாஜன் இரண்டடி தூரத்திலிருந்து அடித்தான். கோட்டில் நான் மட்டும் நின்றேன். பந்து என் இடதுபக்கம், நெஞ்சு உயரத்தில் வந்தது.

கையை வைத்தேன்.

பந்து வந்து பட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான்தான் வைத்தேன். உடம்போடு ஒட்டினமாதிரி, உள்ளங்கையால் ஒரு தட்டு. பந்து வெளியே போனது. காஞ்சிரங்குளத்திலிருந்து வந்திருந்த ரெஃப்ரிக்கும் எனக்கும் நடுவில் ஐந்தாறு முதுகு இருந்தது. அவர் ஒன்றும் பார்க்கவில்லை. கார்னர் என்று கையைக் காட்டினார்.

பார்த்தவன் சாஜன் ஒருவன்தான்.

அவன் கத்தவில்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான்.

"கை இல்லியா?"

"நெஞ்சு," என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அந்த ஒரு சொல்லில் கற்றுக்கொண்டேன். அவன் என் நெஞ்சைப் பார்த்தான். பனியன் அங்கே சுத்தமாக இருந்தது. பந்தில் அப்பியிருந்த சேறு முழுக்க என் உள்ளங்கையில் இருந்தது. கையை நிக்கரில் துடைத்துக்கொண்டேன். அவன் திரும்பிப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு சைபர். பிலாவிளை ஜெயித்தது.

அயனிமரத்தடி

வழக்கமாகத் தோற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். அன்று கால்மணி நேரம் ஆகியும் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு பேர் பேசுவதும் சாஜன் தலையை ஆட்டுவதும் தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினான். நான் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். குடிக்கத் தோன்றவில்லை.

கடைசியில் எழுந்து வந்தார்கள். சாஜன் மைக்கை வாங்கினான். எப்போதும் மலையாளத்தில் பேசுகிறவன் அன்று தமிழில் பேசினான்.

"கொன்னக்கரை சொல்லுற பேரு பிலாவிளை எட்வின். இன்னைக்கு இவரைத் தாண்டி எங்க பந்து ஒண்ணும் உள்ள போகல்ல."

ஒரே வரி. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பேக்குக்குக் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கினார்கள். வினு அழுதேவிட்டான். கீழே இறக்கியதும் சாஜன் குலையை எடுத்து என் தோளில் வைத்தான். வைக்கும்போது காம்பு உறுத்தாதபடி கழுத்துக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தான். அந்தத் துண்டுதான் என்னைக் கொன்றது. அவன் முறைத்திருந்தால் நான் நிம்மதியாக நடந்திருப்பேன்.

மாமனார் வீட்டு வாசல்

பாலத்தைத் தாண்டினோம். கொன்னக்கரையின் முதல் வீட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொள்ளாம் எட்வினே, இன்னைக்கு சுவரு மாதிரி நின்னுட்டே."

"எங்க பயல கெட்டிப்போட்டுட்டியே மக்கா."

பதில் சொல்லக்கூடாது என்ற வழக்கம் எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்தது குலை இருந்த தோள். சாஜன் கூடவே வந்தான்.

கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு மாமனாருடையது. கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அதை அவர் சபைக்கும் கல்யாணத்துக்கும்தான் போடுவார். பக்கத்தில் ஷீபா. மைதானத்திலிருந்து குறுக்குவழியாக எங்களுக்குமுன் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

மாமனார் குலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"பேக்குன்னா இப்பிடி இருக்கணும். நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் மறந்துரு மக்கா. எங்க காலத்துல இப்பிடி ஒருத்தன் கெடையாது."

பதினான்கு வருடமாகக் காத்திருந்த பேச்சு. குலையை இறக்கி அவர் காலடியில் வைத்தேன். செண்டைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள்.

"கை ஆக்கும் மாமா," என்றேன்.

"என்னது?"

"சாஜன் அடிச்சது. நெஞ்சுல படல்ல. நான் கை வச்சு தட்டினேன்."

ஷீபா தன் அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, ஒனக்கு தெரியுமா?"

"தெரியாம என்ன? என் பந்துலா."

"தெரிஞ்சும் இவருக்கா குடுத்தே?" என்று கேட்டது கொன்னக்கரையின் வெல்டிங்காரன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

சாஜன் நிதானமாகச் சொன்னான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கால்மணி நேரம் சொன்னேன். நீங்க ஆறு பேரும் எட்வின், எட்வின்னு நின்னிய. ஏன் வேண்டாம்னு காரணம் சொன்னா அங்கயே அடி நடக்கும். களி இந்த ஓணத்தோட போவும். ஒரு நொடி கை வச்சதுக்கு ஒருமணி நேரம் களிச்சது இல்லாம போவுமா? அதையும் யோசிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லுவேன்னு பாலம் வரைக்கும் பாத்தேன் அளியா. அங்க நின்னப்பம் சொல்லிருவேன்னு நெனச்சேன்."

எனக்கு அந்த நேரத்தில் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. ஆறு பேரும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்கள் சொன்னது மற்ற ஒருமணி நேரத்தைப் பார்த்துத்தான்.

நான் வெளியே

மாமனார்தான் முதலில் கணக்குக்கு வந்தார். பழைய ஃபார்வர்டு அல்லவா.

"கோட்டுல நின்னு கை வச்சா பெனால்டி. அடிக்காம விடப்பிடாது. வாங்கடே எல்லாரும்."

வந்த ஊர்வலம் அப்படியே திரும்பியது. இந்தமுறை குலையைச் சாஜனும் நானும் கம்பில் தொங்கவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். செண்டைக்காரர்கள் அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தாளத்தில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

மைதானத்தில் வெளிச்சம் இன்னும் இருந்தது. ரெஃப்ரி பைக்கில் கிளம்பிப் போய்விட்டிருந்தார். ஆளனுப்பிக் கூப்பிட்டபோது வினு குளித்து, வேட்டி மாற்றி, தலையில் எண்ணெய்கூட வைத்துவிட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வந்த கோபம் சொல்லிமுடியாது.

"எலே, ஒனக்கு வாய மூடிட்டு இருக்க முடியாதா? நான் அழுதது வெறுதே போச்சே."

"நில்லு வினு, ஒரே ஒரு பந்துலா," என்றேன்.

"குளிச்சாச்சு. சேத்துல விழமாட்டேன். நின்னுக்கிட்டே கெடச்சா பிடிப்பேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலில் நின்றான். நான் வழக்கம்போல அவனுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றேன். சாஜன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீ எங்க நிக்குற அளியா? கோட்டுல கை வச்சா சிவப்புக் கார்டு ஆக்கும். வெளிய போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சொன்னது சரிதான். இருபது வருடத்தில் மஞ்சள் கார்டுகூட அதிகம் வாங்காத நான், ஆட்டம் முடிந்து ஒருமணி நேரம் கழித்து, ரெஃப்ரி இல்லாத மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டேன். கோட்டுக்கு வெளியே ஷீபாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் பனியன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாஜன் வெளியே அடித்துவிட்டால் ஆட்டம் எங்களுக்குத்தான், குலையும் எனக்குத்தான், அப்போது அதை நிமிர்ந்து நடந்தே கொண்டுபோகலாம். உள்ளே போனால் ஒன்றுக்கு ஒன்று. தோற்றவன் இல்லை, பெயரும் இல்லை. இதெல்லாம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்யாகும்.

சாஜன் நான்கு எட்டு பின்னால் போனான். ஓடி வந்து, வலதுபக்க மூலையில், மேலே, வலை கிழிகிறமாதிரி அடித்தான். வினு அசையவே இல்லை.

விட்டுக்கொடுக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓடினான், பனியனைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினான். கொன்னக்கரை முழுக்க அவன் பின்னால் ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே சந்தோஷமாகவும் இருந்தது. அவன் மட்டும் வேண்டுமென்றே வெளியே அடித்திருந்தால் அவன் முகத்தில் நான் பிறகு எப்படி விழிப்பேன்?

இனி வழக்கப்படி ஐந்தைந்து பெனால்டி அடித்துத் தீர்க்கவேண்டும். வினு மாட்டேன் என்று நடந்துவிட்டான்.

"ஜெயிச்சா இந்தக் கைகாரனுக்கே மறுபடியும் குடுப்பானுவ. அதுக்கு நான் சேத்துல உருளணுமா?"

எங்களில் மூன்று பேர் ஏற்கெனவே சாப்பிடப் போயிருந்தார்கள். ஆளனுப்பிக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. சாஜன் பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு, "மதி, போதும். இன்னைக்கு இனி ஒருத்தனும் தோக்க வேண்டாம்," என்றான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள்.

குலையை மாமனார் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனோம். மறுநாள் காலையில் உருளியில் தேங்காய் எண்ணெய் காய்ந்தது. வட்டம் வட்டமாக உப்பேரி பொரித்து இரண்டு ஊருக்கும் பங்கு வைத்தார்கள். மாமனார் என் பங்கைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்துவிட்டு, "கைய நீட்டு மக்கா, அது ஒனக்கு நல்லா வருமே," என்றார். நிற்கிறவன் என்று சொன்ன வாய்க்கு அன்றிலிருந்து வேறு பேச்சு கிடைத்தது.

போர்டு

அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. முழங்கால் அடம்பிடித்தது. இப்போது ஓணத்துக்கு மறுநாள் கோட்டுக்கு வெளியே ஷீபாவோடு நின்று கத்துவதோடு சரி.

பாலத்துப் பக்கத்து வாசகசாலையில் ஒரு போர்டு உண்டு. குலை வாங்கினவர்களின் பெயரை வருடத்தோடு அதில் எழுதுவார்கள். அந்த வருடம் என்ன எழுதுவது என்று இரண்டு ஊர்க் கமிட்டியும் கூடிப் பேசியது. வருடத்தையே விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். வேண்டாம், வருடத்தை எழுதிப் பக்கத்தில் சும்மா விடுங்கள் என்று சாஜன் சொன்னானாம். அப்படியே விட்டார்கள். மேலேயும் கீழேயும் பெயர்கள், நடுவில் ஒரு வரியில் வருடமும் வெறும் பெயின்டும் மட்டும்.

இந்த ஓணத்துக்கு எங்கள் டாக்டரை ஆட்டம் பார்க்க அழைத்து வந்திருந்தேன். சாஜன் வாசகசாலையில் அவருக்குச் சாயா வாங்கிக்கொடுத்தான். அவர் போர்டை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்து, நடுவில் விரலை நிறுத்தினார். மற்ற எந்தப் பெயரைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"இதென்ன, இந்த வருஷம் யாருக்கும் கொடுக்கலையா?"

நான் சாயா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாஜன்தான் சொன்னான்.

"அந்த வருஷம் எங்க அளியன் ஆக்கும்."